புள்ளியில்லா எழுத்தும் குறிப்பில்லாக் கோப்பும்

கணினி நிரல் ஒன்று இயங்கிக்கொண்டிருக்கையில் அதன் தரவு, ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு கிளைபரந்து நிற்கும் பல உறுப்புகளின் தொகுதியாக நினைவகத்தில் இருக்கும். நிரல் நின்றதும் அழிந்துபோகும் அத்தொகுதியைப் பின்னொரு நாள் எடுத்தாள வேண்டுமாயின், கிளைகளையெல்லாம் மடக்கி, ஒரே நேர்கோட்டில் அமைந்த எண்களின் நிரையாக்கிக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். 0 முதல் 255 வரையான அவ்வெண் ஒவ்வொன்றும் பைட் எனப்படும், எழுதும் செயல் இருமத் தொடராக்கம் எனப்படும், எழுதியதை வாசித்துப் பழைய தொகுதியைத் திரும்பக் கட்டுவது மீளாக்கம் எனப்படும். அந்த நிரையில் எந்த எண் நீளத்தைக் குறிக்கிறது, எது எழுத்தைக் குறிக்கிறது, எது தொகையைக் குறிக்கிறது என்பது பெரும்பாலும் நிரைக்குள் எழுதப்படுவதில்லை. அது எழுதியவருக்கும் வாசிப்பவருக்கும் இடையிலான உடன்பாடாக வெளியே நிற்கிறது. கோப்பு சிதையாமல் இருக்க, உடன்பாடு மட்டும் தொலைந்துபோவதாலேயே இத்துறையின் வழுக்களில் மிகப் பல தோன்றுகின்றன. வழு என்று கணினித் தமிழ் வழங்கும் சொல் இலக்கண நூலாரிடமிருந்து வந்தது. அவர்கள் வழுவைக் களைவதோடு நில்லாமல், காரணம் காட்டி ஏற்றுக்கொள்ளும் வழுவமைதி என்ற வழியையும் திறந்து வைத்திருந்தனர், பழைய கோப்புகளோடு மல்லுக்கட்டும் நிரலாளர் அவ்வழியையே நாள்தோறும் நாடுகின்றனர்.

உடன்பாடு தொலைந்த எழுத்தை வாசித்தெடுக்கும் வேலை கணினியோடு பிறந்ததன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே சிதறிக் கிடக்கும் தீவகத்தில் அவ்வேலைக்குரிய எழுத்து 12ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கியது. ஊராத்துறை என அதில் குறிக்கப்படும் துறைமுகம், காரைநகருக்கு எதிரே அமைந்த இன்றைய ஊர்காவற்றுறையே. அங்கு வரும் அயல்நாட்டவரான பரதேசிகளுக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கை அரச கருவூலமான பண்டாரம் எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உரியவருக்கு விட வேண்டும் என்றும், வணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதியைப் பண்டாரம் கொள்ள வேண்டும் என்றும் அவ்வாணை வகுக்கிறது. பிற்காலத்தில் போர்த்துக்கேயர் யானைகளைக் கப்பலேற்றிய துறையும் இதுவே; படகுத்துறையைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லிலிருந்தே கயிற்ஸ் என்ற பெயர் வந்ததாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

கா. இந்திரபாலா 1963இல் இக்கல்வெட்டைப் பதிப்பித்தபோது எதிர்கொண்ட பணியின் தன்மை, அக்காலத் தமிழ்க் கல்வெட்டு எதை வாசிப்பவருக்கும் பொதுவானது. மெய்யெழுத்தைக் காட்டும் புள்ளியைக் கல்தச்சர் பெரும்பாலும் இடுவதில்லை. சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. சொல் வரியின் முடிவில் முறிந்து அடுத்த வரியில் தொடர்வதைப் பற்றி எக்குறியும் தருவதில்லை. கல்லில் உள்ளது எழுத்துகளின் தொடர் நிரை மட்டுமே. எங்கே மெய், எங்கே உயிர்மெய், எங்கே சொல்லின் எல்லை என்பதை வாசிப்பவர் தம் மொழியறிவிலிருந்து ஊட்ட வேண்டும். பொறித்த காலத்தில் இது குறையன்று, ஏனெனில் துறைமுகத்தில் அவ்வாணையை வாசித்தவர்கள் அதே உடன்பாட்டுக்குள் வாழ்ந்தவர்கள். நூற்றாண்டுகள் கழிந்து, புள்ளியை இட்டே பழகிய கண்களுக்கு முன்னால் வந்தபோதுதான் அது புதிராகியது. ஆணையைக் கல்லிலும் செம்பிலும் எழுதுவிக்கும்படி அரசன் கூறியிருப்பதாகக் கல்வெட்டே சொல்வதிலிருந்து, ஒரே தரவுக்கு இரு படிகள் வேண்டும் என்ற முன்யோசனை அன்றே இருந்தது புலனாகிறது. எனினும் இன்று ஆய்வாளர் கையில் இருப்பது கல்லின் வாசகம்தான்.

ஓலைச்சுவடியில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றியது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபட்டுக் கிழியும் என்பதால் சுவடி எழுதியோர் புள்ளியைத் தவிர்த்தனர். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. புள்ளி போனதும் எகரமும் ஏகாரமும் ஒரே வடிவாயின, ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே ஒன்றாயின. ஆகார உயிர்மெய்க்கு இடும் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லாதிருந்தது. ஆகவே கொம்பு, ககரம், கால் என்ற மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து நின்றால் அது கொ என்றோ, கோ என்றோ, கெர என்றோ, கேர் என்றோ வாசிக்கத்தக்கது. பல உறுப்புகளை ஒரே குறியில் மடக்கி எழுதிவிட்டால் வாசிக்கும்போது அவற்றைப் பிரிக்க அந்தக் குறி மட்டும் போதாது என்று நிரலாளர் சொல்வது இதைத்தான். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்குச் சுழித்த கொம்பை வழங்கியதாகக் கூறப்படும் சீர்திருத்தம், இந்த நோக்கில் பார்த்தால், எழுத்துமுறைக்குப் புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டதற்கு ஒப்பாகும். புதிய பதிப்பில் எழுதியது தெளிவானது, பழைய பதிப்பில் எழுதிக் கிடந்த ஆயிரக்கணக்கான ஏடுகள் தெளிவாகவில்லை.

அந்த ஏடுகளை அச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை முன்னோடி, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அவர் பதிப்பித்தார். ஒரே நூலின் பல படிகளை ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறிப்பதைப் பாடபேதம் காட்டல் என்பர். ஆனால் ஒரே ஏடு மட்டும் கிடைத்தாலும் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி தமிழ்ச் செய்யுளுக்குள்ளேயே இருந்தது, அதுவே யாப்பு. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் இருக்க வேண்டும் என்பது விதி. அடியை எண்ணிப் பார்த்து ஓர் எழுத்துக் குறைந்தால், பொருள் விளங்குவதற்கு முன்பே, ஏடு எழுதியவர் எங்கோ தவறவிட்டார் என்று தெரிந்துவிடும். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை, தவறு எங்கே நிகழ்ந்தது என்பதைக் கூடக் காட்டிக்கொடுக்கும். அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாவதால், ஏடுகள் கட்டவிழ்ந்து கலைந்தாலும் வரிசையை மீட்கலாம், இடையில் ஒரு பாட்டுத் தொலைந்திருந்தால் அந்த இடைவெளியையும் அறியலாம். நினைவில் வைப்பதற்காகவும் செவியின்பத்துக்காகவும் வந்தவை என்று மட்டுமே இவற்றைக் கருதுவது போதாது. கணினிக் கோப்பின் முடிவில் மொத்தப் பைட்டுகளிலிருந்து கணித்து எழுதிவைக்கும் சரிபார்ப்புத் தொகையின் வேலையை இந்த உறுப்புகள் செய்துவந்தன, உரைநடைக்கோ அந்தக் காவல் கிடைக்கவில்லை.

கணினித் துறையில் இத்தகைய காவலுக்குச் சிறந்த சான்று, 1996இல் வகுக்கப்பட்ட பிஎன்ஜி என்ற படக்கோப்பு வடிவம். அதன் கோப்பு ஒவ்வொன்றும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களுடன் தொடங்கும். முதல் எண் 127ஐ விடப் பெரியது, எனவே பைட்டின் எட்டு இரும இலக்கங்களான பிட்டுகளில் ஏழை மட்டும் கடத்தும் வழியில் கோப்புச் சென்றிருந்தால் அது மாறிப்போய்க் காட்டிக்கொடுக்கும்; 13உம் 10உம் வரிமுடிவைக் குறிக்கும் எண்கள் ஆதலால், கோப்பை எழுத்துரை என்று தவறாக எண்ணி வரிமுடிவுகளைத் திருத்திய மென்பொருள் எதுவாயினும் இவ்விடத்தில் அகப்படும். கோப்பின் வகையைச் சொல்லுவதோடு, வழியில் நேரக்கூடிய கேடுகளை முன்னறிந்து அவற்றுக்கு எளிதில் இரையாகும் எண்களையே வாசலில் நிறுத்திய நுட்பம் இது.

எழுத்தை வேற்று நெடுங்கணக்குக்கு மாற்றி எழுதும்போது நிகழும் இழப்பு வேறு வகையானது. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் சமய வினாவிடை நூல் முழுவதும் ரோமன் எழுத்தில், போர்த்துக்கேயச் சொற்பொருளோடு அமைந்தது. லகரம், ளகரம், ழகரம் ஆகியவற்றையும் ரகர றகரங்களையும் பிரித்துக் காட்டத் தனித்தனி எழுத்து ரோமன் நெடுங்கணக்கில் இல்லை. தமிழ் ஒலியை அறிந்தவர் மட்டுமே அப்பக்கத்திலிருந்து தமிழைத் திரும்பப் பெற முடியும். இவ்வகை ஆரம்ப அச்சு நூல்களைத் தேடி ஐரோப்பிய நூலகங்களில் உழைத்துத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள். 1952இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய ஆங்கில ஆய்விதழைத் தொடங்கிய அவர், 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாவ் தெ புரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியைக் கண்ணாடிப் படியாக 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். புதிதாக அச்சுக்கோத்துத் தராமல் பழைய பக்கத்தின் உருவத்தையே அவர் தந்தது கவனிக்கத்தக்கது. மீளாக்கத்தில் ஐயம் எழும் இடங்களில் மூல நிரையைத் தொடாமல் அடுத்த வாசகருக்கு ஒப்படைப்பதே நேர்மை.

தீவகத்தின் ஆவணங்களில் எழுத்து மட்டுமன்றி எண்ணும் பெயரும் உடன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை. ஒல்லாந்தர் தொகுத்த தோம்பு, நிலமும் குடியும் வரியும் ஒழுங்காக நிரல்படுத்தப்பட்ட பதிவேடு. யாழ்ப்பாண உறுதிகளில் வரும் இலாச்சம் என்ற நில அளவு விதைப்பாட்டிலிருந்து பிறந்தது, ஆகையால் வரகு விதைக்கும் நிலத்துக்கு ஓர் அளவும் நெல் விதைக்கும் நிலத்துக்கு வேறோர் அளவுமாக நின்றது. இன்ன இலாச்சம் என்று எழுதாமல் எண்ணை மட்டும் அட்டவணைக்கு ஏற்றினால் எண் பிழையின்றி இருக்கும், நிலம் பிழைத்துவிடும். 1999இல் செவ்வாய்க் கோளை நெருங்கிய அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்ததும் இதே காரணத்தால்: ஒரு நிரல் பவுண்டு அலகில் எழுதிய கோப்பை மற்றொன்று நியூட்டன் அலகில் வாசித்தது. பெயர்களின் கதையும் அப்படியே. நெடுந்தீவைப் போர்த்துக்கேயர் பசுத்தீவு என்றனர், ஒல்லாந்தர் தம் நாட்டு நகரமொன்றின் பெயரால் டெல்ஃப்ட் என்றனர். நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் அவர்கள் இட்ட பெயர்கள் வழக்கொழிந்தன, டெல்ஃப்ட் மட்டும் நிலைத்தது.

20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தமிழ் கணினிக்குள் நுழைந்தபோது, புள்ளியில்லா ஏட்டின் கதை வேறு உருவில் திரும்பியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேலேயே தமிழ் வடிவங்களைப் போர்த்தியது. பாமினியில் தட்டிய தமிழ் என்ற சொல் கோப்பில் 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து பைட்டுகளாக நிற்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். இம்முறையைப் பிற்காலத்தார் இகழ்ந்தாலும் அதற்கு ஒரு வலிமை இருந்தது. 1982இல் வகுத்த மின்னஞ்சல் நெறி ஏழு பிட் எழுத்தையே கடத்தியது. 127க்கு மேற்பட்ட எண்களில் தமிழை வைத்த முறைகள் வழியில் மேற்பிட்டை இழந்து குலைந்தபோது, பாமினியின் பெரும்பகுதி அவ்வெல்லைக்குள் இருந்ததால் தப்பியது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணத்தில் எது எம்மொழி என்பதைச் சொல்லுவது எழுத்துருக் குறிப்பு ஒன்றே. வெற்று எழுத்துரையாகச் சேமித்தவுடன் அக்குறிப்பு உதிர்ந்துவிட, இரு மொழியும் ஒரே நிரையில் கரைந்தன.

ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1990களின் பிற்பகுதியில் இணையவழிக் கலந்துரையாடலால் உருவான திஸ்கி குறிமுறை, சென்னையில் 1999இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற டாப், டாம் குறிமுறைகள், 1991இலேயே முதற்பதிப்பில் தமிழைச் சேர்த்திருந்த யூனிகோடு, 2008இல் இலங்கை வெளியிட்ட 1326ஆம் எண் தமிழ்க் குறிமுறைத் தரம் என இவை நீள்கின்றன. இவற்றுள் திஸ்கி பட்ட பாடு ஒன்று சொல்லத்தக்கது: இகரத்துக்கு வாய்த்த 173ஆம் எண், மேலைக் கணினிகளில் தேவைப்பட்டால் மட்டும் தோன்றும் மென்கோட்டுக்கு உரியதாக இருந்தமையால் இகரம் சில இடங்களில் மறைந்துபோயிற்று, ஆகவே அதற்கு 254ஆம் இடமும் ஒதுக்கப்பட்டது. உயிரெழுத்து வரிசையில் மூன்றாவதாக நிற்கும் எழுத்து வரிசையின் கடைக்குப் போன விந்தை அது.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் பணியில் ஏட்டுச் சுவடியின் கொம்பு மீண்டும் குறுக்கிட்டது. பாமினி கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கில், கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னுமாகச் சேமிக்கிறது. யூனிகோடு ஒலிக்கும் ஒழுங்கில், ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னுமாகச் சேமிக்கிறது. ஆகவே மாற்றி நிரல் ஒவ்வொரு கொம்பையும் இடம்பெயர்க்க வேண்டும். ஔகாரக் குறியின் பிற்பாதிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே விசை என்பதால் இடர் மேலும் கூடியது: கொம்பு, வகரம், ளகரம் என்ற தொடரைக் கண்டவுடன் அதனை வௌ என்று முடித்துவிடும் நிரல், வெளியீடு என்பதை வௌியீடு என்றும், வெளிச்சவீட்டை வௌிச்சவீடு என்றும் எழுதிவைத்தது. இணையத்தில் இன்றும் பல்லாயிரம் பக்கங்களில் கிடக்கும் இவ்வழுவைத் திரையில் கண்டுகொள்வது அரிது, ஏனெனில் பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தோற்றம். திருத்தும் விதியோ எளிது: ஔகாரக் குறிக்குப் பின் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வருவது தமிழில் இயலாது, வந்தால் அங்கு இருந்தது ளகரமே. ஆனால் வௌவால் என்ற சொல்லில் பின்னே வரும் வகரம் எதையும் மறுக்காது. அங்கே விதி கைவிட, அகராதிதான் துணை. யாப்பு எட்டும் வரை யாப்பும், அதற்கப்பால் மொழியறிவும் என்று சுவடிப் பதிப்பாளர் பின்பற்றிய நெறி இதனின் வேறன்று.

யூனிகோடு வந்தபின் உடன்பாடு ஒன்றாயிற்று எனினும், அதனைப் பைட்டுகளாக்கும் வழிகள் பல இருந்தன. தமிழ் என்ற சொல் படிப்பவருக்கு மூன்று எழுத்து, யூனிகோடு கணக்கில் ஐந்து குறி, யுடிஎஃப்-8 என்ற வழியில் 15 பைட்டு. கட்டளைக் கலித்துறைக்காரர் எண்ணினால் இரண்டே. நீளம் ஐந்து என்று ஒரு நிரல் எழுதிவைக்க, மற்றொன்று அதனை ஐந்து பைட்டு என்று எடுத்துக்கொண்டால், தகரமும் மகரத்தின் முதல் இரண்டு பைட்டுகளும் மட்டுமே அதற்குக் கிடைக்கும்; எஞ்சிய பத்துப் பைட்டுகளை அது அடுத்த உறுப்பின் தொடக்கமாக எண்ணி வாசிக்க, அங்கிருந்து கோப்பு முழுவதும் சரியும். ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட்டு வைக்கும் வழியில் வேறோர் ஐயம்: பெரிய பாதி முன்னா, சிறிய பாதி முன்னா? கலிவரின் பயணக் கதையில் முட்டையை எம்முனையில் உடைப்பது என்று போரிடும் மக்களை நினைவூட்டி, 1980இல் கணினி அறிஞர் டேனி கோஹன் இவ்விரு கட்சியினருக்கும் இட்ட பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. தகரத்தின் இரு பைட்டுகள் 11, 164. அவற்றை முறைமாற்றி வாசித்தால் தென்மேற்குச் சீனத்து யி மக்களின் எழுத்தொன்று கிடைக்கும், சொல்லின் எஞ்சிய நான்கு குறிகளும் கொரிய எழுத்துகளாகிவிடும். தமிழ்க் கோப்பைத் திறந்தவர் கொரியத்தைக் கண்டால் கோப்பு கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை, தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்பதே பொருள்.

இத்தகைய வழுவைத் தேடுவோர் முதலில் செய்வது, கோப்பை உரிய மென்பொருளில் திறக்காமல், பைட்டுகளை எண்களாகவே வரிசைப்படுத்திக் காட்டும் கருவியில் திறப்பது. கல்வெட்டாளர் கல்மேல் ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பதும் இதே நோக்கத்தோடுதான்: பொருள்கொள்ளும் மனம் குறுக்கிடுவதற்கு முன், உள்ளது உள்ளபடி ஒரு படி வேண்டும். எண்கள் கண்முன் வந்ததும் பழகிய கை சில தடங்களை உடனே இனங்காண்கிறது. 224, 174 என்ற இணை மூன்றுக்கொருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது யுடிஎஃப்-8 தமிழ். 11 என்ற எண் ஒன்றுவிட்டு ஒன்று வந்தால் இருபைட்டு முறை, அது முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்பதிலிருந்து வரிசையும் விளங்கும். ஆங்கில எழுத்துகளின் எண்களிடையே 59 அடிக்கடி தலைகாட்டினால் அது பாமினியின் புள்ளி, ஏனெனில் தமிழ் உரையில் மெய்யெழுத்து நெருக்கமாக வரும். கல்தச்சர் விட்ட, ஏடெழுதியவர் தவிர்த்த அதே புள்ளி, இங்கே தடயமாக நின்று மொழியைக் காட்டிக்கொடுக்கிறது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தபின், படிகளைப் பல இடங்களில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் ஈழத்தவரிடையே வலுத்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் அவ்வெண்ணத்தின் வழியில் வந்தது. அதன் சேகரத்தில் தீவகத்தின் ஊர்வரலாறுகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் எனப் பல உள்ளன. அவற்றைப் பக்கங்களின் படமாக வைப்பது தனிநாயகம் அடிகளின் கண்ணாடிப் படிக்கு நேர்; தேடத்தக்க எழுத்தாக வைப்பதென்றால் மேற்சொன்ன சிக்கல்கள் யாவும் உடன்வரும். நயினாதீவுக் கோயிலைக் குறிக்கும் தலைப்புகளில் நாகபூசணி அம்மனுக்கு முன்னே வரும் ஸ்ரீ என்ற அடைமொழியே அதற்குப் போதிய சான்று. பழைய விசைப்பலகைகள் அதனை ஸகரத்தை முதலாகக் கொண்டு சேமித்தன; 2005இல் வெளியான யூனிகோடு 4.1 பதிப்பு ஶகரத்தைப் புதிதாகச் சேர்த்து, அதனை முதலாகக் கொண்டு எழுதும்படி பரிந்துரைத்தது. திரையில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே, பைட்டுகள் வேறு. ஒருவகையால் தட்டித் தேடுபவருக்கு மற்றவகையால் சேமித்த மலர் கிடைக்காது. இரண்டையும் ஒன்றாகக் கருதுமாறு தேடுபொறிக்குத் தனியே சொல்லி வைத்தாலொழிய, பட்டியலில் அம்மலர் இருந்தும் இல்லாததாகவே நிற்கும்.